ஓயுனாவுக்குச் சளி

அசன் சந்தை, காட்மாண்டு
மோஹனிப் பண்டிகை முடிந்த வாரம், 1999

அன்புப் பேத்தி மோதிசோபாவுக்கு அஜியின் ஆசிகள்.

சுயம்பு பகவான் கண்பார்வையில் நான் எழுந்து நடமாடுகிறேன், மாடிப்படியும் ஏறுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிருக்குக் கால் வெடிக்காமல் இருக்கிறதா என்று முதலில் எழுது.

இந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன், கேள். உன் பெரியப்பா மகன் அஷ்டரத்னா ஒசாகாவில் கார் சாமான் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரன் ஆகிவிட்டான். அவன் சொன்னால் ஜப்பான்காரர்கள் கேட்கிறார்கள். அவன் தங்கை நானிசோபா லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தானே உன் தம்பி பத்மா, அவன் பெங்களூரில் இஞ்சினியரிங் முதல் வருஷத்தில் வகுப்பிலேயே முதலாக வந்திருக்கிறான். நீயோ நம் துலாதர் குலத்தில் வடக்கே போன முதல் பெண். உன் தாத்தா லாசாவுக்குக் கோவேறு கழுதை மேல் போனார். நீ சீனாவுக்கு விமானத்தில் போனாய். அவர் கம்பளியும் கஸ்தூரியும் கொண்டுவந்தார். நீ எம்.எஸ்ஸி. கொண்டுவருவாய்.

உன் முதல் கடிதம் வந்தது. வடக்கேயிருந்து வரும் கடிதத்தை நம் பலசரக்குக் கடையில் வைத்துத்தான் பிரிப்பது வழக்கம் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா கடிதங்களை அவர் அப்பா படிப்பார், நான் மாடிச் சன்னலில் ஒளிந்து நின்று கேட்பேன். இப்போது நானே கடையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி போட்டு, உரக்கப் படிக்கிறேன். எதிர்க்கடை நூல்காரி தீர்த்தலானி, “அஞ்சாங் கிளாசுக்கே இந்த அதட்டலா! இன்னும் ரெண்டு கிளாஸ் படிச்சிருந்தா எங்களையெல்லாம் பிரம்பால அடிச்சிருப்பீங்க அக்கா” என்கிறாள். “அது காலிம்போங் மிஷன் பள்ளிக்கூடத்து அஞ்சாங் கிளாஸ்டி, உங்க ஊரு பத்தாங் கிளாசுக்கு மேல” என்றேன்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் போனில் பேசுகிறார்கள். என் காதுக்கு அது ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. நீ எழுதுவதுதான் எனக்கு வந்து சேர்கிறது. ஆகையால் நிறைய எழுது, பெரிய எழுத்தாக எழுது. சந்தையே காத்திருக்கிறது.

இப்படிக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த
அஜி


லான்சோ
நவம்பர் 18

அஜிக்கு, காலைத் தொட்டுக் கும்பிட்டு மோதி எழுதுவது.

நான் சுகம். கால் வெடிக்கவில்லை. காற்று வறண்டு கிடப்பதால் மூக்கில்தான் சில நாள் ரத்தம் எட்டிப் பார்க்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் முழங்காலுக்குக் கடுகெண்ணெய் தேய்க்கிறீர்களா? மஹபூஜை அன்று வீட்டில் ஆளுக்கொரு மண்டலம் போட்டபோது எனக்கும் ஒன்று போட்டீர்களா?

காலையில் கண் விழித்ததும் ஆளுக்கு இரண்டு பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெந்நீர்க் கொட்டகைக்கு ஓடவேண்டும். பிந்தினால் அன்றைக்கு முகம் கழுவவும் குடிக்கவும் பச்சைத்தண்ணீர்தான். பிறகு ஆய்வுக்கூடம். பனியாற்று ஏரிகளின் அடியிலிருந்து எடுத்த சேற்றைச் சல்லடையில் போட்டு அலசுகிறேன். ஏரி எப்போது உடைந்தது, எப்போது நிறைந்தது எல்லாம் சேற்றில் தெரியும். ஒரே ஆசிரியரிடம் நமக்கு முன்னால் சேர்ந்தவர்களை இங்கே அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடவேண்டும். எனக்கு நாலு அண்ணன், இரண்டு அக்கா. வெள்ளிக்கிழமை எல்லோரும் காவோ ஆசிரியர் முன் உட்கார்ந்து பேசுவோம். பாதி புரியும். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

வெளிநாட்டு மாணவிகள் விடுதியில் என் அறைத்தோழி மங்கோலியப் பெண், பெயர் ஓயுனா. எங்கள் இரண்டு பேருக்கும் பொது மொழி ஓட்டைச் சீனம். அவள் தேநீரில் உப்புப் போடுவாள். “சர்க்கரை போட்டு டீ குடிக்கிறவங்க எல்லாம் தொட்டில் பிள்ளைங்க” என்பாள். நான் சோறு வடித்தால் சட்டியை எட்டிப் பார்த்து, “இதத் தின்னு ஒரு ஆட்டுக்குட்டிகூட வளராதே, நீ எப்படி வளந்தே?” என்று கேட்பாள். அவள் அப்பாவுக்குப் பெரிய ஆட்டுமந்தை இருக்கிறது. ஆடுகள் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்குவாள்.

அஜி, ஒன்று கேட்கவேண்டும். ஜனவரிக் கடைசியில் சீனப் புத்தாண்டு விடுமுறை. அண்ணன்மார் அக்காமார் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்களாம். சாப்பாட்டுக் கூடங்களை மூடிவிடுவார்களாம். ஓயுனாவுக்கும் ரயிலில் ஊர் பக்கம்தான். நான் அந்த ஒரு மாதம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகட்டுமா? நீங்கள் சொன்னால் அப்பா சரி என்பார். பெரிதாக ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம். குளிரில் மொட்டைமாடிக்குப் போகாதீர்கள்.

உங்கள் மோதி


அசன்
யோமரிப் பௌர்ணமிக்கு மறுநாள்

என் மைச்சாவுக்கு, என் செல்லப் பெண்ணுக்கு, அஜியின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். உன் மூக்குக்கு வெண்ணெய் தடவு, ரத்தம் நிற்கும்.

மஹபூஜைக்கு உனக்கும் மண்டலம் போட்டேன். அஷ்டாவுக்கும், நானிசோபாவுக்கும், பத்மாவுக்கும் போட்டேன். இந்த வருஷம் ஆள் உட்கார்ந்த மண்டலத்தைவிட ஆளில்லாத மண்டலம் அதிகம். பார்க்க நீளமாக, அழகாகத்தான் இருந்தது.

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். உப்புத் தேநீருக்குச் சந்தை முழுக்கச் சிரிப்பு. ஆனால் நீ வரட்டுமா என்று கேட்ட வரி வந்ததும் உன் அப்பா தராசைக் கீழே வைத்துவிட்டான். தீர்த்தலானி, “ஐயையோ, வடக்கே போனவளுக்கு ஒரு குளிருகூடத் தாங்கலயா? எங்க வீட்டுக் கோழியே தாங்குதே!” என்றாள். நான், “அவ விளையாட்டுக்கு எழுதியிருக்கா” என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டேன்.

மைச்சா, உனக்குத் தெரியாதது இல்லை. என் மாமனார் காலத்தில் சானுகாஜி என்று ஒருவர் லாசாவுக்குக் கிளம்பி, குத்தி கணவாயோடு திரும்பிவிட்டார். அவர் செத்து எவ்வளவு காலமாயிற்று! இன்றைக்கும் அவர் பெயர் பாதிவழி சானுகாஜி. அவர் பேரன் ஊதுபத்திக் கடை வைத்திருக்கிறான், பாவம், அவனையும் பாதிவழி வீட்டுப் பையன் என்றுதான் சொல்கிறார்கள். உன்னை வாத்தியம் வைத்து வழியனுப்பினோம். நாலைந்து மாதத்தில் திரும்பி வந்து நின்றால் எந்த முகத்தோடு நான் கடையில் உட்காருவேன்? காரியம் முடித்துவிட்டு வா. ஒரு மாதம் பறந்துவிடும்.

ஓயுனாவைப் பற்றி இன்னும் எழுது. எல்லோரும் கேட்கிறார்கள். அவளுக்கு ஒரு பஷ்மினா எடுத்து வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே.

உன் அஜி


லான்சோ
ஜனவரி 16, 2000

அஜிக்கு மோதியின் வணக்கம். நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கவேண்டும் என்று ஆற்றங்கரை மடத்தில் விளக்கு வைத்தேன்.

நீங்கள் எழுதியது சரி. நான் சும்மாதான் கேட்டேன். விடுமுறையில் வேலையும் நிறைய இருக்கிறது.

ஓயுனாவும் இங்கேயே இருக்கிறாள், ஊருக்குப் போகவில்லை. யோமரி செய்து காட்டினேன். அரிசி மாவு கிடைத்தது, வெல்லப்பாகுக்குப் பதில் கருஞ்சர்க்கரை. மூக்கும் வாலுமாகப் பிடித்து வைத்ததைப் பார்த்து, “இது என்ன, மீனா, சாமியா?” என்றாள். “தின்னு பாரு” என்றேன். ஒன்றைக் கடித்தாள், பாகு ஒழுகி முழங்கை வரை வந்துவிட்டது. “உங்க ஊரு சாமி ஆளக் கடிக்குது!” என்று கத்தினாள். விடுதிக் காவல் அத்தை ஓடிவந்து, “தீ பிடிச்சிருச்சா?” என்றாள். அவள் வாயிலும் ஒன்றைத் திணித்தோம். இதைத் தீர்த்தலானி அத்தைக்குக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள்.

பஷ்மினா எல்லாம் அனுப்பவேண்டாம் அஜி, அவளிடம் கம்பளி நிறைய இருக்கிறது.

இங்கே எல்லாம் நலம். எல்லாம் நலமாகவே இருக்கிறது.

மோதி


அசன்
ஸ்ரீபஞ்சமி

மைச்சாவுக்கு ஆசிகள். இன்று சரஸ்வதிக்குப் பூ வைத்தபோது உன் பேனாவுக்கும் சேர்த்து ஒரு பூ வைத்தேன். உடம்பு சுகமாக இருக்கிறதா?

சாமி ஆளைக் கடித்த கதையை மூன்று தடவை படிக்க வைத்துவிட்டார்கள். மசாலாக் கடைக்காரர்கூடப் படியேறி வந்து, “மங்கோலியக்காரி கடிதம் வந்துருக்காமே” என்று கேட்டார். உன் கடிதம் என்று யாரும் சொல்வதில்லை, மங்கோலியக்காரி கடிதம் என்றுதான் பெயர். தீர்த்தலானி, “அவள நம்ம ஊருப் பையனுக்கே கட்டிருவோம், உப்புத் தேநீருக்கு நான் பொறுப்பு” என்கிறாள்.

இப்போது நல்ல சேதி. என் தங்கை மகன் பூர்ணா குவாங்சோவில் செருப்பு மொத்தக்கொள்முதல் செய்கிறானே, அவன் கோடையில் ரயிலேறி லான்சோ வருகிறேன் என்றிருக்கிறான். பஷ்மினா, லப்சிப் பழ மிட்டாய், அம்மா செய்யும் ஊறுகாய் எல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். உன்னையும் ஓயுனாவையும் ஒன்றாக நிற்கவைத்துப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் பெரிய ஆள்களாகிவிட்டீர்கள், உன் அம்மா சின்னப் பானையில் உலை வைக்கிறாள். வேறு விசேஷமில்லை.

உடனே பதில் போடு.

அஜி


அசன்
ஹோலிக்கு மறுநாள்

மைச்சா,

உன் அஜி சுகம், நீ சுகமா?

கடிதம் வரவில்லை. எல்லையில் பனி, தபால் வண்டி நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தபால்காரன் நம் கடை முன்னால் வேகமாக நடக்கிறான்.

ஹோலி நிறம் என் வெள்ளைப் பட்டில் விழுந்துவிட்டது, போகட்டும்.

ஒரு வரியாவது எழுது.

அஜி


லான்சோ
மார்ச் 28

அஜிக்கு வணக்கம். பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். நான் நலம். உங்கள் உடம்பு எப்படி?

புத்தாண்டுக்குக் காவோ ஆசிரியர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஓயுனாவும் நானும் போனோம். இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்தோம். வாண வேடிக்கை நன்றாக இருந்தது. இப்போது வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஆய்வுத் தொடக்க அறிக்கை கொடுத்து, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பூர்ணா சித்தப்பா வரவேண்டாம். மிகத் தூரம். வெளியாட்களை விடுதிக்குள் விடமாட்டார்கள். ஓயுனாவும் அப்போது வெளியூர் வேலையாகப் போயிருப்பாள்.

எல்லோருக்கும் என் வணக்கம்.

மோதி


அசன்
ஜனபஹா தேவர் தேர் நம் சந்தைக்கு வந்த மறுநாள்

என் மைச்சாவுக்கு ஆசிகள். தேர் அச்சு முறியாமல் வந்தது, நானும் முறியாமல் இருக்கிறேன்.

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கடையில் இரண்டு தடவை படித்தேன். உன் அப்பா அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிடி ஜாதிக்காய் அதிகமாகவே போட்டான். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

பூர்ணா கிளம்புகிற நாளைக் குறித்துவிட்டான், மே மாதம் இருபதாம் தேதிக்குமேல் வருவான். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பான், அவனுக்கென்ன. ஓயுனா வெளியூர் போனால் வரும்வரை காத்திருப்பான்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தில் ஓயுனா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே. கொழுக்கட்டை பிடித்தவள் வாயை மூடிக்கொண்டா பிடித்தாள்? தீர்த்தலானிகூட, “என்ன, இந்தத் தடவ சப்புன்னு இருக்கு” என்றாள். இரண்டு பேருக்கும் சண்டையா? சண்டை என்றால் நீயே போய்ப் பேசிவிடு. ஒரே அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க முடியாது.

குவாங்சோ போகும் ஆளிடம் மூட்டையைப் பூர்ணாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன், அதில் கடுகெண்ணெயும் இருக்கிறது, உள்ளங்காலில் தேய்.

அஜி


லான்சோ
ஏப்ரல் 30

அஜி,

இந்தக் கடிதத்தைக் கடையில் படிக்கவேண்டாம். இப்போது கடையில் இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். மாடிக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

கும்பிட மறந்துவிட்டேன். காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

ஓயுனா இங்கே இல்லை. டிசம்பரிலேயே போய்விட்டாள். அவர்கள் ஊரில் இந்தக் குளிருக்குப் பனி கல்லாக இறுகி, ஆடுகளுக்குப் புல் எட்டாமல் போய்விட்டது. மந்தை மந்தையாக, நின்றபடியே செத்தனவாம். அவள் அப்பாவிடம் மிஞ்சியதை ஒரு கூடாரத்துக்குள்ளேயே அடைத்துவிடலாம் என்று தந்தி வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, “நான் வர்றதுக்குள்ள உப்பு டீ குடிச்சுப் பழகியிருக்கணும்” என்றாள். “நீ வரவே வேணாம்” என்றேன். சிரித்தோம். அவள் வரமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டிவைத்திருக்கிறார்கள். வேறு யாரையும் போடவில்லை.

ஜனவரியில் யோமரி தின்றவள் நான் உண்டாக்கிய ஓயுனா. யோமரியே செய்யவில்லை. தீர்த்தலானி அத்தை சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். என்னைப் பற்றி எழுதினால் சிரிக்க எதுவும் இல்லை. சிரிக்க வைக்க ஒருத்தி தேவைப்பட்டாள்.

காவோ ஆசிரியர் கூப்பிட்டது மட்டும் உண்மை. அவர் வீட்டு வாசலில் பெட்டிகள் கட்டி இருந்தன, மாமியார் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். “உனக்காக இருந்துவிடுகிறோம்” என்றார். “எனக்கு வேறு இடத்தில் அழைப்பு இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். காவல் அத்தை மாடிகளில் விளக்கை அணைத்துவிட்டு, “நீ ஒருத்திதானே, கீழ்த்தள வெளக்கு போதும்” என்று சொல்லி, வெளிக்கதவுச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுத் தன் மகள் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டுக் கூடம் மூடியிருந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் வெடிச் சத்தம். நான் ஊறப்போட்ட அவல் தின்றேன். ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேறு அலசினேன். மோட்டார் ஓடும் சத்தமாவது இருக்குமே என்று.

பண்டிகை முடிந்து நூடுல்ஸ் கடை திறந்த அன்று முதல் ஆளாகப் போனேன். மாவை இழுத்தபடியே கடைக்காரர், “மெல்லிசா, பட்டையா?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எத்தனையோ நாளாகப் பேசாததில் தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஊமை என்று நினைத்து, ஒரு விரலையும் பிறகு மூன்று விரலையும் காட்டினார், எவ்வளவு அகலம் வேண்டும் என்று. மூன்று என்று தலையாட்டினேன். இன்றைக்கும் நான் போனால் விரலைத்தான் காட்டுகிறார். பக்கத்து மேசைக்காரர்களிடம், “பாவம், காதும் கேக்காது” என்கிறார். நான் திருத்தவில்லை. இந்த ஊரில் என்னைப் பார்த்து யாராவது பாவம் என்று சொல்வது எனக்கு வேண்டியிருந்தது.

படிப்பில் குறையில்லை. அறிக்கையை ஏற்றுக்கொண்டது நிஜம். நான் எதிலும் தோற்கவில்லை அஜி. தனியாக இருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு நாளாக மணற்புயல். சன்னலை அடைத்தும் தலையணையில் மஞ்சள் தூசி. துடைத்துத் துடைத்து எழுதுகிறேன்.

பாதிவழி சானுகாஜியை அடிக்கடி நினைக்கிறேன். அவர் ஏன் திரும்பினார் என்று அந்தச் சந்தையில் யாராவது ஒருவர் கேட்டார்களா?

ஜூலையில் கோடை விடுமுறை. போன தடவை வரட்டுமா என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்கவில்லை. எனக்கு வீட்டுக்கு வரவேண்டும்.

மோதி


அசன்
புத்த பூர்ணிமை

மைச்சா,

மாடிக்கு எடுத்துப்போனேன். நான் சுகம்தான். நீ சுகமா என்று கேட்கமாட்டேன், நீதான் எழுதிவிட்டாயே.

காலைப் பூஜை முடித்து உட்கார்ந்தவள், உன் அம்மா சாப்பிடக் கூப்பிடும்போதுதான் முடித்தேன். இந்தத் தடவை நீ பெரிய எழுத்தாக எழுதவில்லை. இதையெல்லாம் பெரிய எழுத்தில் யார் எழுதுவார்கள். எழுத்துக்கூட்டி ஒவ்வொரு சொல்லாகப் படித்ததில் ஒரு நன்மை, எதையும் தாண்டிப்போக முடியவில்லை.

கீழே இறங்கினால் தீர்த்தலானி நிற்கிறாள். “என்ன அக்கா, லான்சோ கடிதம் வந்துச்சாமே, தபால்காரன் சொன்னான். மாடிக்குக் கொண்டுபோயிட்டீங்க? என்ன, உங்க அஞ்சாங் கிளாஸ் பரீட்சைக்கா படிக்கிறீங்க? சரி, ஓயுனாவுக்குச் சளி விட்டுச்சா?”

இந்தச் சளி உனக்குத் தெரியாது. நீ எழுதாமல் இருந்தாயே, ஹோலி சமயத்தில். தபால் வண்டி நிற்கிறது என்று சொல்லியும் சந்தையில் எல்லோரும் கேட்டார்கள். கேட்பதோடு நிற்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் உன் பழைய கடிதம் ஒன்றை எடுத்து விரித்துவைத்து, புதிது மாதிரிப் படித்தேன். தாளை எட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. ஓயுனாவுக்குச் சளி, நீ அவளுக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாய், அவள் அதிலும் உப்புப் போட்டுக் குடித்தாள் என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். மசாலாக் கடைக்காரர் சளிக்கு என்று திப்பிலிப் பொட்டலம் வேறு கொடுத்தார், மூட்டையில் இருக்கிறது. ஆக, பாதி ஓயுனாவை நீ உண்டாக்கினாய், மீதியை நான் உண்டாக்கியிருக்கிறேன். இப்போது அவள் இல்லை என்றால் இந்தச் சந்தைக்கு நான் என்ன பதில் சொல்வது?

சொல்லிவிட்டேன். “ஓயுனா ஊருக்குப் போயிட்டாடி. அவங்க அப்பன் ஆடெல்லாம் பனியில செத்துப்போச்சு” என்றேன். தீர்த்தலானி நூற்கண்டைக் கீழே வைத்தாள். ஏதாவது கேலி பேசுவாள் என்று காத்திருந்தேன். “அட பாவமே” என்றாள். பிறகு, “அப்ப நம்ம மோதி அந்த ரூம்ல யாருகூட இருக்கா?” என்று கேட்டாள்.

நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே துடைத்த தட்டு.

சானுகாஜி ஏன் திரும்பினார் என்று கேட்டிருந்தாய். நம் கடையில் கேட்டேன், மசாலாக் கடையில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அவர் பேரனிடமே போய்க் கேட்டேன். ஊதுபத்தியைக் கட்டிக்கொண்டே, “தெரியாது பெரியம்மா, எங்க வீட்டுலகூட யாரும் கேட்டதில்ல” என்றான். அவன் பெயர் கஜரத்னா. இத்தனை வருஷமும் அவன் பெயர் எனக்குத் தெரியாது.

பூர்ணாவுக்குப் போன் போட்டு, என் காதுக்குக் கேட்கிறதோ இல்லையோ, கத்திச் சொல்லிவிட்டேன். “மங்கோலியக்காரி எங்க, பெரியம்மா? ஓடிட்டாளா?” என்று கேட்டான் போலிருக்கிறது. “அவள விடு. மோதியக் கூட்டிக்கிட்டுப் போயி உக்கார வச்சு சோறு வாங்கிக் குடு. பக்கத்துல உக்காந்து நீயும் தின்னு. வியாபாரம் பேசாத, அவ பேசட்டும்” என்றேன். பஷ்மினாவை நீ வைத்துக்கொள்ளாதே. ஓயுனா ஊர் விலாசம் உன்னிடம் இருக்கும், தபாலில் அனுப்பு. காசுக்குப் பூர்ணா இருக்கிறான். என்னுடைய ஓயுனாவுக்குச் சளி என்றாலும், நிஜ ஓயுனாவுக்குக் குளிர்தானே.

இனிமேல் இரண்டு கடிதம் எழுது. ஒன்று கடைக்கு. அதில் சேறு, ஆசிரியர், பனி, எதையாவது போடு, சந்தைக்கும் பொழுதுபோகவேண்டும். இன்னொன்று எனக்கு. அதில் கால் பக்கம் போதும்.

ஜூலையில் வா. உன் அப்பாவிடம் சொன்னேன். அவன், “சந்தைக்கு என்னம்மா சொல்றது?” என்றான். “பொண்ணு வீட்டுக்கு வர்றான்னு சொல்லு” என்றேன். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றான். உன் அம்மா இப்போதே பெரிய பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். வாத்தியம் வேண்டாம், பெரிய கூட்டம் வேண்டாம். முட்டையும் மீனும் ஒரு வாய் ரக்‌ஷிச் சாராயமும் வைத்து, வாசலில் நான் நிற்பேன். வழக்கப்படி சாவியின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வா. எம்.எஸ்ஸி. முடித்து வருகிறவளுக்கும் அதே சாவிதான். விடுமுறை முடிந்து திரும்பிப் போவதும் போகாததும் இங்கே வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு நீயே யோசி. நான் வாயைத் திறக்கமாட்டேன். திறந்தால் தீர்த்தலானியைவிட்டு அடைக்கச் சொல்.

அதுவரை ஒரு காரியம் செய். நீ முதல் கடிதத்தோடு அனுப்பி, கடையில் மாட்டியிருக்கிற உன் படத்தில் யாருடைய சிவப்புக் கோட்டையோ போட்டுக்கொண்டு, நூலகத்துக்கு முன்னால் நின்று, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாய். அது கடைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அங்கேயே தொங்கட்டும். எனக்கு வேறொன்று வேண்டும். உன் அறையிலேயே எடு. சிரிக்கவேண்டாம். இளைத்திருந்தால் இளைத்தபடியே நில், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாலும் இருக்கட்டும். யாருக்கும் காட்டமாட்டேன், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். ஜூலை வரை எனக்குப் பொறுக்காது. புதுப் படம் ஒன்று எடுத்து, நாளைக்கே தபாலில் போடு.

உன் அஜி